மூலமும் பொறுப்பும்

லினக்ஸில் ஆயத்தப் பொதியாக வரும் நிரலியை நீக்கிவிட்டு, மூல நிரலிலிருந்து நாமே தொகுத்து நிறுவுவதில் ஒரு தனி நிறைவு உண்டு, மறுப்பதற்கில்லை. 2020 ஆகஸ்டில் வந்த ஈமாக்ஸ் 27.1, எழுத்துகளைக் கோத்துக் காட்ட ஹார்ஃப்பஸ் நிரலகத்தைப் பயன்படுத்த வழிசெய்தது. டெபியன் 10 தந்ததோ 26.1. தமிழ் எழுதுபவன் எப்படிப் பொறுப்பான்? நானும் தொகுத்தேன்.

ஆனால், நாம் தொகுத்ததை 'ஆப்ட்' அறியாது. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரா. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை வெளிப்பட்டபோது, பொதியை நம்பியோர் வழக்கமான புதுப்பித்தலிலேயே திருத்தம் பெற்றனர். தாமே தொகுத்தோர் 1.0.1ஜி பதிப்பைத் தேடியெடுத்து மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. தொகுத்ததையே மறந்திருந்தோர்க்கு யார் நினைவூட்டுவது?

சுவடியைப் பதிப்பிப்பவர் அதன் பிழைகளுக்கும் பொறுப்பேற்கிறார். இங்கும் அதுவே முறை. உரைத்தொகுப்பி போன்ற கருவிகளை விருப்பம்போல் தொகுத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்புகளைக் கவனித்து வாருங்கள். இணையத்தின் வாயிலில் காவல் நிற்பவற்றை மட்டும் பொதியாகவே விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. மூலத்தைத் தொட்ட கை, பராமரிப்பையும் சுமக்கத்தான் வேண்டும்.