முகம் தெரியாத முதுமை

எங்கள் பெரியம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் சம்பந்தி வீட்டாரைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோய்விட்டார். “பார்த்தும் பார்க்காத மாதிரி போறாங்க” என்று பேச்சு கிளம்பியது. அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவர் வரவில்லை. முதலில் மூட்டுவலி என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். ‘வயசாயிருச்சு, அப்படித்தான் இருப்பாங்க’ என்று நாங்களும் இருந்துவிட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்துவந்தது.

வயோதிகத்தில் வரும் இந்த மாக்குலா சிதைவு பார்வையை முழுதாகப் பறிப்பதில்லை. எதை உற்றுப் பார்க்கிறோமோ அது மட்டும் மங்கும். ஓரத்தில் இருப்பது தெரியும். எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, காலடியில் கிடக்கும் சொம்பு தெரியும். ‘சொம்பைத் தாண்டிப் போகத் தெரியுது, ஆளைத் தெரியலையாக்கும்?’ என்று வீட்டிலேயே கேட்டோம். பார்வை போகும் துயரத்தோடு, நடிக்கிறார் என்ற பழியையும் அவர் தலையில் ஏற்றினோம். அப்படிப்பட்டவர் அறைக்குள் ஒதுங்காமல் வேறு என்ன செய்வார்?

தமிழ்நாட்டில் கண் மருத்துவம் என்றதும் கண்புரைதான் நினைவுக்கு வரும். 1976-இல் மருத்துவர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, லட்சக்கணக்கானோருக்குப் பார்வையை மீட்டுத் தந்திருக்கிறது. கட்டைப் பிரித்ததும் பேரன் முகம் பார்த்துச் சிரிக்கும் பாட்டி நமக்குப் பழகிய காட்சி. ஆனால் கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மாக்குலா சிதைவில் ஒரு வகைக்கு ஊசி போட்டு நோயைக் கட்டுப்படுத்தலாம். சிதைந்து தழும்பான இடத்தை மீட்க முடியாது. இந்த நோயாளிகள் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வாக்கியம் ஒன்று உண்டு: “இனி செய்றதுக்கு ஒண்ணுமில்லம்மா.” விழித்திரையைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். அந்த மனுஷியைப் பொறுத்தவரை அது பொய். மனச்சோர்வு வேர்விடும் இடமும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் பாரி ரோவ்னர் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. மாக்குலா சிதைவோடு மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகளும் இருந்த 188 பேர் அதில் பங்கேற்றனர். எல்லோருக்கும் குறைபார்வைக்கான கருவிகளும் பயிற்சியும் கிடைத்தன. ஒரு பிரிவினரிடம் பயிற்சியாளர், அவர்கள் கைவிட்ட வேலைகளில் எதை மீண்டும் செய்ய ஆசை என்று கேட்டு, அதைச் சிறு சிறு படிகளாகச் செய்ய வைத்தார். மற்றவர்களுக்கு ஆறுதல் பேச்சு. நான்கு மாதத்தில், ஆறுதல் பெற்றவர்களில் 23.4 சதவீதம் பேர் மனச்சோர்வுக்குள் விழுந்தனர். வேலையை மீட்டுக்கொண்டவர்களில் 12.6 சதவீதம் பேர் மட்டுமே. பார்வை மீளவில்லை, ஆனாலும் மனச்சோர்வுக்குள் விழுவோரின் விகிதத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்க முடிந்தது.

மனம் சோர்ந்தால் கண்ணும் கெடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘இனி எதுக்கு’ என்று இருப்பவர் கிளாக்கோமா சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடமாட்டார்; ஊசிக்கான தேதியும் தவறிப்போகும்.

வெளியே சொல்ல முடியாத இன்னொரு பயமும் உண்டு. பார்வை மங்கியவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். 1760-லேயே சுவிஸ் இயற்கையியலாளர் சார்ல் போனே, பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படி ஆட்களும் பறவைகளும் தெரிந்ததை எழுதியிருக்கிறார். இது பைத்தியம் இல்லை. பார்வைச் செய்தி குறைந்துபோன மூளை தானே வரைந்துகொள்ளும் படம். முற்றத்தில் பூச்சூடிய பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பெரியம்மா மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. பேய் என்பார்கள், புத்தி பேதலித்தது என்பார்கள் என்ற பயம். “சில பேருக்கு இப்படித் தெரியும்” என்று மருத்துவமனையில் ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும்.

கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா? எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனநல மருத்துவத்தில் பழகிப்போன இந்த இரண்டு கேள்விகளைக் கண் பரிசோதனைச் சீட்டிலேயே அச்சிடலாம். கேட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுவாசலுக்கே வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களும் இவற்றைக் கேட்க முடியும். ஆம் என்று பதில் வந்தால், மனநலப் பிரிவுக்கும் குறைபார்வைப் பிரிவுக்கும் வழிகாட்டி அனுப்ப வேண்டும்.

பெரியம்மா இழந்தவற்றில் முதலில் திரும்பியது அரிசி புடைப்பது. வெள்ளை அரிசி தெரிய அடியில் கறுப்புத் துணி, ஜன்னலோர வெளிச்சம், மற்றதை விரல்கள் பார்த்துக்கொண்டன. இப்போது அந்த வீட்டு வாசற்படி ஏறும் எவரும் செருப்பைக் கழற்றும்போதே பேர் சொல்லிவிடுகிறோம்.