தடுப்பு கட்டுகிற கைகளே, கணக்கெடுக்க வாருங்கள்!

கீழ்பென்னாத்தூர் வட்டாரத் தோழர்களே!

தை பிறக்கப் போகிறது. ஊர் ஊராகக் காளை விடும் விழாவுக்குத் தேதி குறிக்கிறார்கள். முதல் பரிசு எவ்வளவு, எந்த ஊர்க் காளை வருகிறது, மேடையில் யார் யார் என்றுதான் டீக்கடை முழுக்கப் பேச்சு. வீதியின் இருபுறமும் சவுக்குக் கட்டை நட்டுத் தடுப்பு கட்டப் போகிற நம்மைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாமும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை இந்த மார்கழிக்குள் உடைத்தாக வேண்டும்.

2014 மே 7 நினைவிருக்கிறதா? ஜல்லிக்கட்டு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். நாடு முழுக்க அலங்காநல்லூரைப் பற்றியே பேசியது. நம் பக்கத்து விழாவில் யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. காளையை ஒவ்வொன்றாக வீதியில் ஓடவிட்டு நேரம் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆனால் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. 2017இல் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டமே மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா எல்லாவற்றையும் ஜல்லிக்கட்டு என்ற ஒரே பெயருக்குள் அடக்கியிருக்கிறது. எல்லாக் காளையும் ஒரே கயிற்றில். எங்கோ ஓர் ஊரில் அறுந்தாலும் நம் வீதியும் காலியாகும்.

2015, 2016 பொங்கல்களை யோசித்துப் பாருங்கள். காளைக்காரர்களில் நிலம் உள்ளவர்கள் மனம் நொந்தார்கள், சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. (கூலிக்குப் போய் அந்தக் காசில் காளைக்குப் பருத்திக்கொட்டை வாங்குகிறவர்களும் நம்மில் உண்டு, அவர்களை நான் மறக்கவில்லை.) மற்றவர்கள்? மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் திரிப்பவர், சலங்கை கோப்பவர், புண்ணாக்குக் கடையில் மூட்டை தூக்குபவர், காளையை ஏற்றிக்கொண்டு செஞ்சிக்கும் வேலூருக்கும் இரவெல்லாம் ஓட்டுகிற மினி வேன் டிரைவர், பந்தல்காரர், மைக் செட் பையன், பம்பை அடிப்பவர், பட்டாணி சுண்டல் விற்கிற அக்கா. ஜனவரி முதல் மே வரை நடக்கும் இந்த விழாக்களில் வருகிற காசுதான் பலருக்குப் பள்ளிக் கட்டணம், வட்டிக் கடன். தடை வந்தபோது இவர்கள் எத்தனை பேர், எவ்வளவு இழந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தடையை எதிர்த்து மெரினாவில் கூடிய கூட்டமும் பண்பாட்டைப் பேசியது, நாட்டு மாட்டைப் பேசியது, கூலியைப் பேசவில்லை.

கேட்ட நாடும் உண்டு. இங்கிலாந்தில் நரி வேட்டைக்குத் தடை போடும் முன் பர்ன்ஸ் பிரபு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். வேட்டையை நம்பி 6,000 முதல் 8,000 முழுநேர வேலைகளுக்குச் சமமான பிழைப்பு இருக்கிறது என்று 2000இல் அது கணக்குச் சொன்னது. 2004இல் தடைச் சட்டம் வரத்தான் செய்தது. பிறகு நரிக்குப் பதில் வாசனைத் தடத்தை இழுத்துவிட்டு நாய்களை ஓடவிட்டார்கள். அதையும் தடுப்போம் என்று 2024 தேர்தலில் தொழிற்கட்சி வாக்குறுதி கொடுத்தது. கணக்கு தடையை நிறுத்தவில்லை, உண்மைதான். ஆனாலும் குதிரைக்கு லாடம் அடிக்கிறவர் அங்கே விவாதத்தில் இருக்கிறார். இங்கே கயிறு திரிக்கிறவர் எங்கே?

தோழர்களே, ஆபத்து போய்விட்டதென்று நம்பாதீர்கள். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழகச் சட்டத்தைச் செல்லும் என்றது. ஏன் என்றது? புதிய விதிகள் மாட்டின் வேதனையைப் பெருமளவு குறைக்கின்றன என்பதால். விதிகளைக் கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டும், அதற்கு மாவட்ட ஆட்சியரே பொறுப்பு என்றும் சேர்த்துச் சொன்னது. ஆக, விதி நின்றால்தான் விழா நிற்கும். வாலைத் திருகுவது, கண்ணில் மிளகாய்ப்பொடி, வாயில் சாராயம் என்று 2014 வழக்கில் அடுக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் இன்றும் காகிதத்தில் கிடக்கின்றன. நாலு பேரின் வீம்புக்கு அவற்றை நாமே உயிர்ப்பித்துக் கொடுக்க வேண்டுமா?

நம் கையில் பலம் இருக்கிறது. கட்டை நட ஆள் இல்லாவிட்டால் எந்த ஊரிலும் மாடு ஓடாது! ஆட்சியர் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் குழி தோண்டாதீர்கள். கால்நடை மருத்துவர் பார்க்காத காளைக்காக வேனைத் திருப்பாதீர்கள். செலவு மிச்சம் என்று ஒற்றை வரிசைத் தடுப்பு போதும் என்பவரிடம், முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அந்த ஓட்டைத் தடுப்பில் முதலில் குத்துப்படுவது பெரும்பாலும் நம் ஆள்தான். குத்துப்பட்டதும் அவர் தொழிலாளி இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர் ஆகிவிடுவார். இழப்பீடு கேட்க ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்களைப் பாருங்கள். 1972 வனவிலங்குச் சட்டமும் பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டன. 1978இல் கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள். அதே கைகள் இன்று உரிமத்தோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகின்றன. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கம் இல்லாதிருந்தால் எல்லோரும் செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள்.

எனவே இந்த வாரமே தெருவுக்கு ஒரு நோட்டு போடுங்கள். யார், என்ன வேலை, எந்தெந்த ஊர் விழா, எத்தனை நாள், என்ன கூலி என்று எழுதுங்கள். சேரி, ஊர் என்று தனித்தனி நோட்டு வேண்டாம், ஒரே நோட்டு. பெண்களின் பெயர் தனி வரியில் வரட்டும், வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே அல்ல. டிரைவர், பம்பைக்காரர், கூலியாள் என எல்லோருக்கும் அரசின் நல வாரியங்கள் இருக்கின்றன. பதியாதவர்கள் பொங்கலுக்கு முன் பதியுங்கள். விழாக் குழு அனுமதி கேட்டு மனு போடும்போதே வேலையாட்கள் பட்டியலும் விபத்துக் காப்பீடும் அதோடு போக வேண்டும் என்று குழுத் தலைவரிடம் கூட்டமாகப் போய்ச் சொல்லுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றின் நகலையும் இன்று இரவே எடுத்து வையுங்கள்.