பணிக்கிடையே ஒரு படிப்பு

2025 ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலப் படைத்துறைச் சிறப்புடைய பன்னிரண்டு கோட்டைகளை ஒரு தொகுப்பாக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழகத்திற்குரியது நம் செஞ்சிக் கோட்டை ஒன்றே. இராசகிரியையும் கிருஷ்ணகிரியையும் காண இனி உலகத்தார் வருவர். அவர்கட்கு உணவும் உறைவிடமும் ஊர்தியும் அமைத்துத் தொழில் நடத்தப் போகிறவர் யார்? வெளியூர் முதலாளிகளா, நம் பிள்ளைகளா? மேலாண்மைக் கல்வியைப் பற்றி இம்மலரில் எழுத நம்மைத் தூண்டியது இவ்வினாவே.

நம் பிள்ளைகளுள் பட்டம் பெற்றவர் பலர் இன்று வேலையில் இருக்கின்றனர். துணிக்கடைக் கணக்கர், தனியார் பள்ளி ஆசிரியர், நாள்தோறும் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் பேருந்தில் சென்று மீள்பவர் எனப் பலர். தங்கையின் திருமணமும் தந்தையின் மருத்துவமும் அவர்தம் ஊதியத்தை நம்பியுள்ளன. வேலையை விட்டுவிட்டுப் படி என்று அவர்களிடம் சொல்வது எளிது. சொல்பவர் வீட்டில் அரிசி இருக்கிறது!

வேலையை விட வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்வதற்கான 'கேட்' தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்னும் தடையும் இல்லை. ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறும் அத்தேர்வு இரண்டு மணி நேரமே. ஆங்கில வாசிப்பு, தரவுகளைக் கொண்டு தருக்க முறையில் ஆராய்தல், கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் நாற்பது மணித்துளிகள். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். கொடுத்த விடைகளுள் தவறானதைத் தெரிந்தெடுத்தால் ஒன்று குறையும். எதை விடுப்பது என்று அறிந்தவனே இதில் முந்துவான். சந்தை நாளில் நெல் விலையை மனக்கணக்காய்ப் போடும் இளைஞனுக்கு விழுக்காடும் விகிதமும் புதியன அல்ல. அவனை மருட்டுவது ஆங்கிலப் பத்திதான்.

இங்குத் தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். 2021 முதல் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் தமிழில் எழுதலாம். கேட் தேர்வுக்கோ ஆங்கிலம் ஒன்றே வழி. இது முறையன்று. ஆயினும் அப்பத்தியின் கீழ் வரும் வினாக்கள் சொற்பொருளை மட்டும் கேட்பன அல்ல. ஆசிரியர் எதை நிறுவ முற்படுகிறார், எதைச் சொல்லாமல் உணர்த்துகிறார் என்று கேட்பன. தமிழுரைநடையை அவ்வாறு படித்துப் பழகியவனுக்கு ஆங்கிலத்தில் குறைவது சொல்வளம் மட்டுமே. அதை ஓராண்டில் ஈட்டலாம். உரைநூலை மனப்பாடம் செய்து தேறியவனுக்கோ இரு மொழியிலும் இடர்ப்பாடுதான்.

முன்சென்றோர் இல்லாமல் இல்லை. சென்னை இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற சி.கே. பிரகலாத், யூனியன் கார்பைடு நிறுவனத்தில் நான்காண்டுகள் பணியாற்றிய பின்னரே அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் சேர்ந்து 1966இல் தேறினார். பின்னாளில் உலகறிந்த மேலாண்மை அறிஞரானார். மடிப்பாக்கத்தில் தாய் இட்லி விற்று வளர்த்த சரத்பாபு, பிலானியில் பொறியியல் முடித்து மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்த்து, குடும்பக் கடனை அடைத்தவாறே இத்தேர்வுக்கு ஆயத்தமானார். 2006இல் அகமதாபாத்தில் பட்டம் பெற்றதும் தேடிவந்த வேலையை ஏற்காது உணவுத் தொழில் தொடங்கினார்.

"கடையில் உட்கார்ந்தால் வியாபாரம் தானே வரும், அதற்கொரு பரீட்சையா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வாணிகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்று நடத்திய வரலாற்றைப் போற்றும் சமுதாயம் நம்முடையது. வணிகம் நமக்கு அந்நியமன்று, உண்மை. ஆனால் வங்கிக் கடன், வரி விதிப்பு, இணையவழி விற்பனை இவற்றிற்கு நடுவே கல்லாப்பெட்டி அனுபவம் மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

வேலை பார்ப்பவனுக்குக் கிடைப்பவை சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஒரு மணி, இஷாவுக்குப் பின் ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை. ஆறு திங்கள் சிதறாமல் இருந்தால் இவை போதும். சிதறடிப்பவர்கள் நாமே. நிக்காஹ், விருந்து, பெயர்சூட்டு விழா எல்லாவற்றுக்கும் அவன் வந்து நிற்க வேண்டும் என்கிறோம். வேலைக்குச் செல்லும் பெண்பிள்ளைக்கோ இஷாவுக்குப் பின்னும் அடுக்களை காத்திருக்கிறது. அவளுக்கு அந்த ஒரு மணியை மீட்டுக் கொடுப்பவர் அண்ணனோ அத்தாவோ ஆகட்டும். அதைவிடப் பெரிய உதவித்தொகை இல்லை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பழைய மேலாண்மைக் கழகங்களில் ஈராண்டுப் படிப்புக்குக் கட்டணம் இருபது இலட்சத்தைத் தாண்டுகிறது. வங்கி கடன் தரும். வட்டிக்கு அஞ்சிப் பின்வாங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். உமறுப்புலவரைப் புரந்த சீதக்காதி கீழக்கரை வணிகர். அவ்வழி வந்த செல்வர்கள் நாலைந்து பேர் கூடி வட்டியில்லா அழகிய கடன் நிதி ஒன்றைத் தொடங்கலாகாதா? மாநில அரசு 2007இல் நமக்களித்த 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடு மையக் கல்வி நிறுவனங்களில் செல்லாது. அங்குப் பிற பிற்படுத்தப்பட்டோர்க்கான 27 விழுக்காடே உண்டு. இராவுத்தர், மரக்காயர் உள்ளிட்ட லப்பைமார் கிரீமிலேயர் வரம்புக்குள் வாராதவராயின் அதற்குரியர். மையப் படிவத்தில் வாங்க வேண்டிய இச்சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடி அலைவது வீண்.

இறுதியாக ஜமாஅத் பெரியவர்கட்கு ஒரு விண்ணப்பம். மதரசா முடிந்தபின் பூட்டிக் கிடக்கும் அறை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. இரண்டு விளக்கு, நான்கு நாற்காலி, ஓர் இணைய இணைப்பு, நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழ். இவற்றுடன் இரவு பத்தரை வரை அதைத் திறந்து வைத்து, சாவியைப் படிக்கும் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள்.