தாயின் குரலைக் கொண்டு சேர்க்கும் புரதங்கள்



பெயர் சொல்லி அழைத்ததும் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதே, அந்த ஒரு நொடிக்குள் காதினுள் எத்தனை வேலைகள் நடந்து முடிகின்றன தெரியுமா? இம்மாதம் அதைச் சற்று அறிந்துகொள்வோம்.

ஒலி முதலில் செவிப்பறையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வை நடுக்காதிலுள்ள மூன்று சிறிய எலும்புகள், நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் உட்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு கலத்தின் உச்சியிலும் நுண்ணிய மயிர்கள் படிக்கட்டுப் போல வரிசையாக நிற்கின்றன. குட்டை மயிரின் நுனியை அடுத்த உயரமான மயிருடன் மெல்லிய இழையொன்று இணைக்கிறது. கட்ஹெரின் 23, புரோட்டோகட்ஹெரின் 15 என்னும் இரண்டு புரதங்களால் ஆனது அவ்விழை. அதிர்வினால் மயிர்கள் சாயும்போது இழை இழுபட, கயிற்றை இழுத்தால் கதவு திறப்பது போல நுண்ணிய வாயில் ஒன்று திறக்கிறது. டிஎம்சி 1 என்ற புரதம் அந்த வாயிலின் முக்கிய பகுதியாகும். அதனூடாகப் பொற்றாசியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன. அதன்பின் ஓட்டோஃபெர்லின் என்னும் புரதத்தின் துணையோடு செய்தி நரம்புக்குச் சென்று மூளையை அடைகிறது. 2000ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட பிரெஸ்டின் புரதமோ, வெளி மயிர்க்கலங்களைச் சுருக்கி நீட்டி, மெல்லிய ஒலியையும் பெருக்கித் தருகிறது.

இவற்றுள் ஒன்று பழுதானாலும் பிள்ளைக்குக் கேள்விக் குறைபாடு ஏற்படலாம்.

"அக்கா, கிரகணத்தன்று நான் வெளியில் போனதால்தான் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று மாமி சொல்றா" என்று அயலிலுள்ள இளந்தாய் ஒருத்தி என்னிடம் கண்கலங்கினாள். கிரகணத்துக்கும் காதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பரம்பரையாக வரும் செவிட்டுத்தன்மையில் பெரும்பாலானவற்றில், பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும்போது இருவரும் அதே பழுதைக் கொண்டிருக்கும் சாத்தியம் கூடுகிறது. கர்ப்ப காலத்தில் ருபெல்லா தொற்றுவது, குறைமாதப் பிறப்பு, கடும் செங்கண்மாரி என்பனவும் காரணமாகலாம். எதுவாயினும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஓட்டோஃபெர்லின் குறைபாட்டுடன் பிறந்த ஆறு பிள்ளைகளுக்குச் சீனாவின் ஷாங்காய் நகரில் மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டதில், ஐவருக்குக் கேட்கும் திறன் கிடைத்ததாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இது ஒரு வகைக் குறைபாட்டுக்கு மட்டுமே உரிய சிகிச்சையாகும். எனினும் மற்றப் பிள்ளைகளுக்கும் செவிப்புலன் கருவி, உட்காதில் பொருத்தும் கருவி, சைகை மொழி எனப் பல வழிகள் உள்ளன.

சகோதரிகளே, குழந்தை சத்தத்துக்குத் திடுக்கிடாவிட்டால், "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். மொழி பதியும் காலம் முதல் சில ஆண்டுகளே. உடனே காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். இறந்த மயிர்க்கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே பேரிரைச்சலிலிருந்து பிள்ளைகளின் காதுகளைக் காத்துக்கொள்ளுங்கள்.