பழுது பார்ப்பதும் படிப்பே!

'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அது மெய்யானதைச் சென்ற ஆண்டு நம் விடுதி வாயிலிலேயே கண்டீர்கள். சுமை வண்டியிலிருந்து ஒரு பழைய வள்ளத்தை நான் இறக்கியபோது, "கரிசல் காட்டிலிருந்து வந்தவனுக்குக் கப்பல் எதற்கு?" என்று நண்பர்கள் நகைத்தார்கள். அன்று என்னிடம் விடை இல்லை. இன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் பயிலும் கொச்சியைச் சுற்றிக் காயல் பரந்து கிடக்கிறது. முன்னாளில் வேம்பநாட்டுக் காயலில் நெல்லும் தேங்காயும் கயிறும் வள்ளத்தில்தான் சென்றன; மக்களும் அதில்தான் சென்றார்கள். பின்னர்ப் பாலங்கள் வந்தன, சாலைகள் வந்தன, வள்ளங்கள் பல கரையேறின. நான் கண்ட வள்ளமும் அவ்வாறு கரையேறி, ஒரு தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடந்தது. அதைக் குறுக்கே அறுத்துப் பூந்தொட்டியாக்க ஓர் உணவகத்தார் விலை பேசியிருந்தனர். பதினெட்டு அடி நீளம். இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்ட பொருள். அது பூச்செடிக்குத் தொட்டியாகவா வேண்டும் என்று தோன்றியது. ஒரு மாத உதவித்தொகையைக் கொடுத்து வாங்கிவிட்டேன். ஆர்வம் இருந்தது, அறிவு இல்லை.

அறிவின்மை முதல் வாரத்திலேயே வெளிப்பட்டது. மரம் ஈரமாக இருக்கிறதே என்று நான்கு நாள் நண்பகல் வெயிலில் காயவைத்தேன். ஒரு பலகை நீளவாக்கில் வெடித்தது. மற்றப் பலகைகளுக்கு இடையே விரல் நுனி நுழையும் அளவு வாய் பிளந்தது. அஞ்சிப்போய், சுவருக்கு வண்ணம் அடிப்போர் பூசும் பட்டியை வாங்கி இடுக்குகளை எல்லாம் அடைத்தேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. படம் எடுத்து ஊருக்கும் அனுப்பினேன்.

அப்பொழுதுதான் ஆசான் வந்தார். வள்ளம் கட்டுவதிலேயே எழுபது வயதைக் கடந்தவர். வள்ளத்தை எனக்கு விற்ற குடும்பத்தார் சொல்லி வந்தவர். உளி முனையால் ஒரே கீறல். என் பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. "மோனே, நோயாளிக்கு நீ மருந்து கொடுக்கவில்லை, முகத்துக்குப் பவுடர் பூசியிருக்கிறாய்" என்றார். பிறகு காரணத்தையும் சொன்னார். மரம் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் பருக்கும். சுருங்கிய நேரத்தில் இடுக்கில் கெட்டியான பொருளை அடைத்துவிட்டால், பருக்கும் நேரத்தில் மரத்துக்கு இடம் ஏது? பலகை பலகையைத் தள்ளும், தையல் அறும். ஆகவே நிழலில் மெல்லக் காயவிட வேண்டும். அடைக்கும் பொருள் அமுங்கிக் கொடுப்பதாக இருக்க வேண்டும்.

தையலா என்று வியக்காதீர்கள். இந்த வள்ளத்தில் ஆணி ஒன்றுகூட இல்லை. நாம் அயினி என்றும் மலையாளத்தார் ஆஞ்ஞிலி என்றும் சொல்லும் மரத்தின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருக்கிறார்கள். பலகைகள் கூடும் இடத்தில் தென்னை நாரை வைத்து, ஓரத்துத் துளைகள் வழியே கயிற்றைக் கோத்து, உள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவருமாக இழுத்து முடிகிறார்கள். இரும்பு ஆணி உப்பு நீரில் துருப்பிடிக்கும்; கயிறு துருப்பிடிக்காது. அலை மோதினால் ஆணி அடித்த பலகை முரண்டும். தைத்த பலகை சற்றே நெளிந்து கொடுக்கும். கயிறு இற்றுப்போனால் அறுத்தெறிந்துவிட்டுப் புதுக்கயிறு கோத்துக்கொள்ளலாம், பலகைக்குச் சேதமில்லை. பழுது வரும் என்று முன்பே எண்ணி, பழுது பார்க்கத் தோதாகவே கட்டிய பொருள் இது!

ஆசான் எனக்கு முதலில் கற்பித்தது தட்டிப் பார்த்தல். உளிப்பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். இரண்டு நாள் தட்டுவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் உளுத்த இடங்களை, நல்ல மரம் தெரியும்வரை, வெட்டி எடுத்தோம். ஆய்வேடு எழுதுவோர் அனைவருக்கும் இந்த ஒழுங்கை நான் பரிந்துரைப்பேன்.

ஒருநாள், "அந்த வாச்சியை எடு" என்றார் ஆசான். மலையாளச் சொல் போலும் என்று விழித்தேன். உளியைக் கொடுத்தேன், தலையை ஆட்டினார். கொட்டாப்புளியைக் கொடுத்தேன், சிரித்தார். பிறகு தாமே குனிந்து எடுத்தார். மரம் செதுக்கும் வாய்ச்சி!

நண்பர்களே, என் தந்தையார் தச்சர். எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு வாய்ச்சி இருக்கிறது. சிறுவயதில் அதைத் தொடப் போனால், "உனக்கு வேண்டாம் ஐயா, நீ படி" என்று என் கையை விலக்கிவிடுவார். நானும் படித்தேன். 'அப்பா என்ன செய்கிறார்?' என்று இவ்வளாகத்தில் கேட்டவர்க்கெல்லாம் 'சொந்தத் தொழில்' என்று சொல்லி நழுவும் அளவுக்கு நன்றாகவே படித்தேன். உங்களில் சிலரும் நெசவையோ உழவையோ கொல்லுலையையோ இப்படி ஒரு சொல்லுக்குள் மறைத்திருப்பீர்கள்.

அன்றிரவு தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து, வெட்டிய இடத்தில் புதுக்கட்டையைப் பொருத்துவது எப்படி என்று கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு நாற்பது நிமிடம் பேசினார். "பழைய மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே புதுக்கட்டையின் ரேகையும் ஓட வேண்டும், ஐயா" என்றார். அன்று காலையில் ஆசான் சொன்னதும் அதுவே. மதிப்பெண்ணையும் செலவுப் பணத்தையும் விட்டு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதன்முறை.

முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைப் பூசி என் கை கொப்புளித்த கதையை விரிக்கவில்லை. நீரில் இறக்கிய அன்று வள்ளம் எல்லாத் தையலிலும் கசிந்தது. என் முகம் வாடியது. "குடிக்கட்டும், விடு" என்று சொல்லி, கரையோரத்து ஆழமற்ற நீரில் அதை ஓர் இரவு மூழ்கவிட்டார் ஆசான். மறுநாள் நீரை இறைத்தோம். மரம் ஊறிப் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கியிருந்தன. மாலைவரை உள்ளே வந்தது ஒரு சிரட்டை நீர்தான்.

'இதெல்லாம் பழமைப் பித்து. ஃபைபர் படகு இலேசானது, பராமரிப்பும் குறைவு' என்று சிலர் கூறலாம். உண்மை. மீன் பிடித்துப் பிழைப்பவர் ஃபைபர் படகை நாடுவதில் குற்றமில்லை. கயிற்றுக்கும் நாருக்கும் திரும்புங்கள் என்று அவரிடம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் அவருக்கு இல்லாத ஓய்வும் நூலகமும் நமக்கு இருக்கின்றன. அவரால் காக்க இயலாத அறிவை நாமும் காக்காவிட்டால் யார் காப்பது?

'அந்த அறிவால் இன்று என்ன பயன்?' என்பார்க்கு ஒரு சான்று. நம் கடற்படையின் 'கௌண்டின்யா' என்னும் பாய்மரக் கப்பல், அஜந்தா ஓவியத்தில் உள்ள, கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பலைப் பார்த்து, கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டது. 2025 மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. பழைய வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. ஓவியம் ஒன்றே துணை. பலகைகளைத் தைத்தவர்கள் பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள். மாதிரி வைத்து அதன் நீரோட்டத்தைச் சோதித்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை. உளி பிடித்த கையும் ஏடு பிடித்த கையும் அங்கே கூடின. நம் வளாகத்தில் ஏன் கூடக்கூடாது? இந்த வள்ளத்துக்குப் பட்டறையில் ஒரு மூலை கேட்டபோது, "இது ஆய்வில்லையே, கூலி வேலைதானே" என்று ஒருவர் சொன்னார். மிதிவண்டிக் கொட்டகையில்தான் வேலை நடந்தது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சொற்பொழிவாளரை அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஓர் ஆண்டேனும் அந்த நாற்காலியில் ஒரு கைவினைஞரை அமர்த்துவோம். பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுப்போம். பிறகு பத்து நாள் அவர் பக்கத்தில் தரையில் அமர்ந்து ஒரு பழம்பொருளையாவது பழுது பார்ப்போம். வாய்ச்சி, துறப்பணம், இழைப்புளி என்று அவர் சொல்லும் சொற்களை எழுதி வைப்போம். அவை நம் வீட்டுச் சொற்களாகவும் இருக்கும்.

வள்ளம் இப்போது காயற்கரையில் கட்டியிருக்கிறது. ஞாயிறு காலைகளில் வாருங்கள். துடுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. வரும்போது என் தந்தையார் என்ன செய்கிறார் என்றும் கேளுங்கள். இனி ஒழுங்காக விடை சொல்வேன்.