முந்தின நாள் யாருடைய பொறுப்பு?

சேலையூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற கணவர், மனைவி, மகள், மருமகன், ஒரு பேரன். சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கு வரை போய்த் திரும்பும் சுற்றுலா. பயண முகவர் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார்: மீனம்பாக்கத்தில் நள்ளிரவு விமானம், விடிந்தால் சாங்கி, மாலை நான்கு மணிக்குக் கப்பல். “எதுக்கு சார் வீணா ஒரு நாள் ஹோட்டல்? அஞ்சு பேருக்கு ரெண்டு ரூம். அந்தக் காசுக்குக் கப்பல்ல பால்கனி ரூமே எடுத்துடலாம்.” பெரியவர் தலையாட்டுகிறார். கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும் விமானத்துக்கு நான்கு மணி நேரப் பயணம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது. ஆக, இறங்கும்போது அங்கே காலை 6.30. நான்கு மணிக்குப் புறப்படும் கப்பலுக்கு ஏறும் வாசலை ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது மூடிவிடுவார்கள். குடிநுழைவு வரிசை, பெட்டிகள், துறைமுகம் வரையிலான சவாரி என்று இரண்டு மணி நேரம் கழியும். எல்லாம் போகக் கையில் நிற்பது ஆறரை மணி நேரம். விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் சமாளிக்கலாம். ரத்தாகி அடுத்த விமானத்தில் இடம் கிடைப்பது மறுநாள் என்றால், கப்பல் போயே போய்விட்டது. அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பதும் கப்பல்காரர் சம்மதித்தால், அந்த நாட்டுக்குள் நுழையும் தாள்கள் கையில் இருந்தால் மட்டுமே.

கப்பல் ஏன் காத்திருப்பதில்லை? இரண்டாயிரம் பேரை ஏற்றிய கப்பல் தானாகத் துறையை விட்டு நகர்வதில்லை. வழிகாட்டும் பைலட் ஏற வேண்டும், இழுவைப் படகுகள் வர வேண்டும், காலியாகும் துறையில் அடுத்த கப்பல் வந்து நிற்க வேண்டும். அடுத்த ஊரிலும் இதே வரிசைதான். ஐந்து பேருக்காக ஒரு மணி நேரம் நின்றால், வழியெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைத் துரத்தியாக வேண்டும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தீவான சாவோ டோமேயில் இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போன எட்டு பயணிகள் தாமதமாகத் திரும்பினார்கள். நார்வீஜியன் டான் கப்பல் அவர்களை விட்டுவிட்டே போனது. அவர்கள் பல நாடுகளைத் தாண்டிக் கப்பலைத் துரத்திய கதை உலகச் செய்தியானது.

எனவே, கப்பல் ஏற விமானத்தில் போகிறவர் முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். இந்த அறிவுரையோடு தலையங்கத்தை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்த முந்தின நாளின் செலவு முழுவதும் பயணியின் தலையில் விழுவது நியாயமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

ஏனென்றால், ரயிலும் கப்பலும் ஒரே சீட்டில் இணைந்திருந்த பயணத்தை இந்த ஊர் பார்த்திருக்கிறது. எழும்பூரிலிருந்து கிளம்பும் போட் மெயில் நம் தண்டவாளத்தின் வழியாகத்தான் தெற்கே போனது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் அது தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கே இறங்கினால் நீராவிக் கப்பல். பாக் நீரிணையைக் கடந்தால் தலைமன்னார். அங்கே கொழும்புக்கு இன்னொரு ரயில். எழும்பூரில் வாங்கிய சீட்டு கொழும்பு வரை செல்லும். கடலின் குறுக்கே போனாலும் அது ஒரே பயணம். ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த நேரத்தைக் கவலையோடு எண்ண வேண்டியவர் பயணி இல்லை, சீட்டு விற்றவர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த இணைப்பும் முறிந்தது.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, ராமேஸ்வரம் – தாம்பரம் ரயிலும் கொடியசைத்துத் தொடங்கி வைக்கப்பட்டது. பழைய வழித்தடம் மீண்டும் நம் ஊரைத் தொட்டது. தண்டவாளத்தின் அந்தப் பக்கம் மட்டும் கப்பல் இல்லை. கப்பல்கள் வேறு துறைகளிலிருந்து கிளம்புகின்றன. 2023 ஜூன் முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்.வி. எம்ப்ரஸ் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போனது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. இன்று நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறப் போகும் தாம்பரத்துக்காரரின் கையில் இருப்பவை இரண்டு சீட்டுகள். பஸ் திண்டிவனத்தில் நின்றுபோனால் கப்பல் சீட்டுக்கு அது தெரியாது.

விமானத்தில் இன்னும் மோசம். விமானம் தாமதமானால் சிற்றுண்டி, ரத்தானால் பணம் அல்லது மாற்று விமானம் என்று விதிகள் இருக்கின்றன. தவறிப்போன கப்பலுக்கு அவற்றில் இடமில்லை. விமான நிறுவனத்தின் பொறுப்பு இறங்கிய இடத்தோடு முடிகிறது. கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு ஏறும் பலகையில் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பயணியே தன் காசால் நிரப்ப வேண்டும். அந்தப் பள்ளத்தை நிரப்பும் மண்ணுக்குத்தான் ‘முந்தின நாள்’ என்று பெயர்.

அந்த மண் எல்லோர் வீட்டு முற்றத்திலும் கிடைப்பதில்லை. ஒரு நாள் கூடுதல் விடுப்பு என்பது அலுவலகம் போகும் மருமகனுக்கு ஒரு சம்பள நாள். சிங்கப்பூரில் இரண்டு அறை வாடகை, பென்ஷனில் வாழும் பெரியவருக்குச் சிறு தொகை இல்லை. ‘முன்னாடியே போயிருக்கலாமே’ என்று பின்னால் சொல்வது சுலபம். எனவே இந்தப் பொறுப்பை மூன்று பேர் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து: பயணி, பயணத்தை விற்பவர், விமான நிலையத்தை ஒட்டி வாழும் ஊர்.

ஊரிலிருந்தே தொடங்குவோம், அதைத்தான் நாம் வசதியாக மறக்கிறோம். பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், கவுல்பஜார் தெருக்களில் நிற்பவருக்கு ஓடுபாதை ஒரு மதில் தூரம். போகியன்று விடிகாலை நான்கு மணிக்கு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். பழைய பாய், கிழிந்த தலையணை, உடைந்த பிளாஸ்டிக் வாளி. சில இடங்களில் சைக்கிள் டயர். பிள்ளைகள் மேளம் தட்டுகிறார்கள். மார்கழிப் பனி கீழே அமுக்க, புகை மேலே போக மாட்டாமல் தெருவிலேயே படுத்துக்கொள்கிறது. பிறகு மதிலைத் தாண்டுகிறது. 2018 போகியன்று அந்தப் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்ததில் விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின, வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. நிலைய அதிகாரிகள் போகிதோறும் சுற்றுப்புறத்தாரிடம் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

யாரோ ஒருவரின் கப்பல் தவறியதற்கு நம் வீட்டுத் தலையணையும் காரணம் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. போகியைக் கைவிடச் சொல்லவில்லை. வாசலில் ஒரு கைப்பிடி வைக்கோல் கொளுத்தினாலே சம்பிரதாயம் நிறைவேறிவிடும். பாயையும் டயரையும் குப்பை வண்டியில் போட்டால் போதும். அதேபோல ஓடுபாதையை ஒட்டிய காலிமனைகளில் கொட்டும் கோழிக்கடைக் கழிவு பருந்தை அழைக்கிறது; பருந்து விமானத்தின் எஞ்சினை நோக்கிப் போகிறது. 2021 நவம்பரில் நமக்கு மாநகராட்சி கிடைத்தது. ஓடுபாதையின் ஓரம் நம் குப்பைத்தொட்டி இல்லை என்பதை உறுதிசெய்வது மாநகராட்சிக்கும் கடைக்காரருக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் பொதுவான வேலை.

சாலையும் அப்படித்தான். பெருங்களத்தூரிலிருந்து விமான நிலையம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் பண்டிகைக்கு முந்தின மாலை எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது அதன் எதிரே ரயில் நின்று போக ஒரு நிலையம் இல்லை. அதைப் பின்னால்தான் கட்டத் தொடங்கினார்கள். விமான நிலையத்தில் 2016-ல் வந்து நின்ற மெட்ரோவைக் கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் எத்தனையோ முறை பேசப்பட்டுவிட்டது. முனையம் முதலில், இணைப்பு பிறகு என்று கட்டும்போதெல்லாம், அந்த ‘பிறகு’ வரைக்கும் காத்திருக்கும் நேரத்தைப் பயணி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்புக்காகக் கடற்கரை – தாம்பரம் மின்ரயில்களை நிறுத்துவதும் தவிர்க்க முடியாததே. 1931 முதல் மின்சாரத்தில் ஓடும் பாதை அது. பழுது பார்க்காமல் முடியாது. ஆனால் அறிவிப்பு முந்தின நாள் மாலைச் செய்தியாக வராமல், ஒரு வாரம் முன்பே நடைமேடைப் பலகையில் தமிழில் வர வேண்டும்.

இனி, விற்பவர்கள். இடைவெளி வைக்காமல் திட்டமிடுவது பயணியின் குறை மட்டும்தானா? 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் நாடு முழுவதும் ரத்தாகி, ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் போனதை நாம் பார்த்தோம். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்ற விதி திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. நிறுவனம்தான் அதற்கேற்ப ஆட்களைக் கையிருப்பில் வைத்திருக்கவில்லை. பயணியிடம் ஒரு நாள் முன்னதாக வா என்று சொல்லும் உரிமை, தன்னிடமும் ஒரு பிடி கையிருப்பு வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் உண்டு.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரல் முதல் இரண்டு ரயில்களின் பி.என்.ஆர். எண்களை இணைத்துப் பதிவு செய்யலாம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பும். இந்த வழக்கத்தை ரயிலுக்கும் கப்பலுக்கும், விமானத்துக்கும் கப்பலுக்கும் நீட்டினால் என்ன? விமானமும் கப்பலும் சேர்த்து ஒரே பொட்டலமாக விற்கும் முகவர், நடுவில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, தவறினால் யார் என்ன தருவார் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், முதல் பக்கத்தில் எழுதித் தர வேண்டும். அதே நாள் விமானத்தைச் சிபாரிசு செய்பவர் அதன் பொறுப்பிலும் பங்கேற்கட்டும். அப்போது அந்த “எதுக்கு சார் வீணா” என்ற பேச்சு தானாகவே குறையும்.

கடைசியாக, பயணி. இந்த மாற்றங்கள் வரும்வரை கப்பல் நமக்காக நிற்கப்போவதில்லை. வெளிநாட்டுத் துறைமுகம் என்றால் ஒரு முழு நாள் முன்னதாக. உள்நாடு என்றால் முந்தின இரவாவது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது இன்னும் கண்டிப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2016 வர்தா, 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு புயலிலும் ஓடுபாதை அடைபட்டது. பள்ளி விடுமுறை, கப்பல் சுற்றுலா, புயல் மூன்றும் நம் ஊரில் ஒரே மாதத்தில் வருகின்றன. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பால்கனி அறையைக் குறைக்கலாம். முந்தின நாளைக் குறைக்கக் கூடாது.

இதில் தாம்பரத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு, ஒரு கடமையும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுபவருக்கு நம் வீட்டிலிருந்து மின்ரயில் நேராகக் கடற்கரை நிலையத்துக்குப் போகிறது; துறைமுகம் சாலைக்கு எதிர்ப்பக்கம். ஆகவே பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ பிள்ளைகள் கப்பல் ஏறும் நாள் காலையில் வந்து இறங்கத் தேவையில்லை. முந்தின நாள் வந்து அப்பா அம்மா வீட்டில் தூங்கி எழுந்து போகலாம். உறவுக்காரருக்கும் அதையே சொல்லலாம். விசா நேர்காணலுக்கு வந்தவர், வேலைத் தேர்வுக்கு வந்தவர், அதிகாலை விமானத்தில் துபாய் போகிறவர் என்று தெற்கே இருந்து வந்த எத்தனை பேருக்குக் குரோம்பேட்டையிலும் மேடவாக்கத்திலும் கூடத்தில் பாய் விரித்திருக்கிறோம்! விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பி, காபி கொடுத்து, தெருமுனை வரை பெட்டி தூக்கிப் போய் ஆட்டோ ஏற்றிவிட்டிருக்கிறோம். விடுதி வாடகை இல்லாமல் இந்தப் புறநகர் ஊருக்கே கொடுத்து வந்த முந்தின நாள் அது.

அந்தப் பாயை இப்போது சுருட்டி வைக்க வேண்டாம். போகியன்று கொளுத்தவும் வேண்டாம்.