யாழும் கிற்றாரும்

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுங்கால் மரம், புள், விலங்கு என்பவற்றோடு யாழையும் சேர்த்தே எண்ணினார். நெய்தலுக்கு விளரியாழ் எனப் பின்வந்த நூலார் வகுத்தனர். இசை நிலத்தில் விளைவது என்பது அன்னோர் கொள்கை. நிலாக் காலத்தில் மட்டக்களப்பு வாவியில் எழும் மீனிசையை வியந்து பாட்டியற்றிய விபுலாநந்த அடிகளே 1947இல் யாழ்நூலையும் நமக்கு வழங்கினார்.

அந்நெறியில் வைத்தே இளையராஜாவை எண்ணுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையடியிலுள்ள பண்ணைப்புரத்தில் 1943இற் பிறந்தவர். இலண்டன் ரிறினிற்றி இசைக்கல்லூரியின் கிற்றார்த் தேர்விலே பொற்பதக்கம் பெற்றவர். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் நிலாப்பாட்டைக் கேளுங்கள். அங்கே கிற்றார் வெறுந்துணைக் கருவியன்று; முகிலிடை நிலவு ஊர்வதை நரம்பொலியே நமக்குக் காட்டிவிடுகிறது. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலைக் கொண்டு ஓர் இசைத்தொகுப்பு அளித்தார். அதற்கிட்ட ஆங்கிலப் பெயரின் பொருள், ‘காற்றன்றி வேறில்லை’ என்பது.

இவ்வளவும் அறிந்த நம் அன்பர் சிலர், கிற்றார் அயல்நாட்டுக் கருவியாதலின் முத்தமிழ் மேடைக்கு ஆகாது என்கின்றனர். பாலுசுவாமி தீட்சிதர் கைக்கொண்ட வயலின் பொதியமலையிலா பிறந்தது? கிற்றார் யாழாகிவிடாது என்பதை நானும் ஒப்புகிறேன். யாழுக்கு மெட்டுகள் இல்லை. நரம்புக்கு ஒரு சுரமே. ஆனால் வெள்ளவத்தைக் கரையில் மாலைதோறும் அலையோசை கேட்டு வளரும் பிள்ளைக்கு இன்று கைக்கெட்டும் நரம்புக்கருவி எது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விழா எடுப்போரை ஒன்று வேண்டுகிறேன். நெய்தற் பாடலொன்றைக் கிற்றாரோடு பாட இளைஞர் வருவாராயின், முதலிற் பாட விடுங்கள். குற்றங் குறைகளைப் பின்னர் ஆராய்வோம்.